அவசியத்தின் அளவு: வீட்டுக் காப்பீட்டுச் செலவும் இஸ்லாமியச் சட்டச் சிந்தனையும்

வீட்டுக் காப்பீட்டின் செலவைக் குறைப்பது எப்படி என்பது பொதுவாகக் கூட்டல் கழித்தல் சார்ந்த கேள்வியாகவே கொள்ளப்படுகிறது; ஆனால் காப்பீடு எடுப்பது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற ஐயம் இன்னும் முற்றாகத் தீராத ஒரு சமூகத்தில், அதே கேள்வி சட்டவியலுக்கும் இறையச்சத்துக்கும் உரியதாக மாறிவிடுகிறது. திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள பேகம்பூர் அத்தகைய சூழலை எண்ணிப்பார்க்கத் தக்க பகுதியாகும். 1755இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படையையும் வரிவசூலையும் ஒருங்கே மேற்பார்வையிடும் அதிகாரியாக, வந்த ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்றும், அவர் பெயராலேயே அப்பகுதி வழங்கலாயிற்று என்றும் ஊரார் சொல்லிவருகின்றனர். தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் வாழும் ராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனபி சட்டமரபைப் பின்பற்றுகின்றனர். கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மரபு மேலோங்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு: காப்பீட்டைப் பற்றிய தொடக்ககாலச் சட்டவிவாதமும், அதன் இறுக்கத்தைத் தளர்த்தப் பிற்காலத்தார் கையாண்ட விதிகளின் புகழ்பெற்ற தொகுப்பும் ஹனபி மரபுக்கு உள்ளேயே எழுந்தவை.

அந்த விவாதத்தின் தொடக்கம் டமாஸ்கஸ் நகரத்துச் சட்ட அறிஞர் இப்னு ஆபிதீனிடம் காணப்படுகிறது. 1836இல் மறைந்த அவர், தமது பெருநூலான ரத்துல் முஹ்தாரில், உஸ்மானியத் துறைமுகங்களில் ஐரோப்பிய வணிகர் நடத்திய கடல்காப்பீட்டை எடுத்துக்கொண்டு, கப்பல் கூலிக்கு மேல் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சரக்கு அழிந்தால் ஈடு தருவதாக ஏற்கும் ஒருவர், தம்மீது கடமையாகாத ஒன்றைக் கடமையாக்கிக்கொள்கிறார் என்றும், எனவே அந்த ஈட்டை முஸ்லிம் வணிகர் இஸ்லாமிய ஆட்சிப் பகுதியில் பெறுவது ஆகாது என்றும் தீர்ப்பளித்தார். பின்வந்தோர் இந்த மறுப்பை மூன்று காரணங்களாக விரித்தனர். கொடுப்பது நிச்சயமாகவும் பெறுவது நிச்சயமற்றதாகவும் இருக்கும் தெளிவின்மையை ‘கரர்’ என்றும், பணத்தைக் கொடுத்துக் கூடுதலான பணத்தைப் பெறுவதிலும், திரட்டிய நிதியை வட்டிக்கு முதலீடு செய்வதிலும் உள்ள குற்றத்தை ‘ரிபா’ என்றும், ஒருவரின் இழப்பு மற்றொருவரின் ஆதாயமாக அமையும் சூதை ‘மைஸிர்’ என்றும் அவர்கள் குறித்தனர். இம்மூன்றில் சூது பற்றிய குற்றச்சாட்டு வலுக்குறைந்தது என்றே சொல்லவேண்டும். 1774இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம், தமக்குத் தொடர்பில்லாத உயிரின் மீதோ நிகழ்வின் மீதோ காப்பீடு எடுத்துப் பந்தயம் கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. இன்றும் ஒரு பொருள் அழிந்தால் உண்மையில் நட்டமடைபவரே அதைக் காப்பீடு செய்ய முடியும் என்பது அடிப்படை விதியாக நீடிக்கிறது. சூதாடி இல்லாத ஆபத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். வீட்டுக்காரருக்கோ தீயும் புயலும் ஏற்கெனவே இருக்கும் ஆபத்துகள். தெளிவின்மை, வட்டி என்ற மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் விலகுவன அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் சிரியா நாட்டு அறிஞர் முஸ்தபா அஸ்ஸர்க்கா, 1961இல் டமாஸ்கஸில் கூடிய சட்டவியல் வார அரங்கில், ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களை ஒருங்கே நோக்கினால் தெளிவின்மை மறைந்துவிடுகிறது என்று வாதிட்டுக் காப்பீட்டை ஆதரித்தார். எகிப்தின் அபூ ஸஹ்ரா அதை மறுத்தார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்டவியல் பேரவை, நிலையான பிரீமியத்தைக் கொண்ட வணிகக் காப்பீடு பெரும் தெளிவின்மை உடையதாகையால் ஆகாதது என்றும், உறுப்பினர்கள் நன்கொடையாகச் செலுத்தி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் முடிவு செய்தது. ‘தகாபுல்’ எனப்படும் இந்தப் பரஸ்பரப் பொறுப்பேற்பு, 1979இல் சூடானிலும், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மலேசியாவிலும், 1999இல் அமானா நிறுவனத்தின் வழியே இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் வாழும் ஒரு தமிழ் பேசும் முஸ்லிம் தம் வீட்டுக்குத் தகாபுல் எடுக்க முடிகிறது. பேகம்பூரில் வாழ்பவருக்கு அந்த வழி இல்லை. இந்தியாவில் அத்தகைய நிறுவனம் எதுவும் இல்லாததோடு, கூட்டுறவுச் சங்கமாகக் காப்பீடு நடத்த விரும்புவோரும் 100 கோடி ரூபாய் மூலதனத்தைத் திரட்டவேண்டும் என்று சட்டம் நெடுங்காலம் கோரிவந்தது.

மாற்று இல்லாத இந்த நிலையை இந்திய உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், கண்டும் காணாதவர்களாக இருந்துவிடவில்லை. 1965இல் லக்னோவின் நத்வத்துல் உலமாவைச் சார்ந்த ஆய்வு அவையும், பின்னர் காழி முஜாஹிதுல் இஸ்லாம் காஸிமி நிறுவிய இந்திய இஸ்லாமியச் சட்டவியல் அகாதெமியும், கலவரங்களில் வீடும் கடையும் எரியும் நாட்டுச் சூழலைக் கருத்தில்கொண்டு, அவசியத்தின் அடிப்படையில் உயிருக்கும் உடைமைக்கும் காப்பீடு எடுக்க இடம் உண்டு என்ற கருத்துக்கு வந்தன. இந்த இசைவின் தன்மையைக் கவனமாகப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. காப்பீடு தன்னளவில் நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. தவிர்க்க இயலாத நெருக்கடி விலக்கப்பட்டதற்கும் வழிவிடும் என்ற விதியின்கீழ் அதை அனுமதித்தனர். ஹனபி மரபின் குடியியல் விதிகளை உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டநூல், பொதுத்தேவையும் தனித்தேவையும் அவசியத்தின் தகுதியைப் பெறும் என்பதைத் தன் 32ஆம் விதியாக வைத்திருக்கிறது. அதற்குச் சற்று முன்னே, 22ஆம் விதியில், அவசியம் அதன் அளவைக் கொண்டே மதிப்பிடப்படும் என்ற வரம்பையும் அது இட்டுவிடுகிறது. பசியால் சாகக்கிடப்பவர் விலக்கப்பட்ட உணவை உயிர்தரிக்கும் அளவுக்கு உண்ணலாம், வயிறு நிரம்ப உண்ணக்கூடாது என்பது சட்டவியலார் இதற்குக் காட்டும் வழக்கமான விளக்கம்.

இந்த 22ஆம் விதியே வீட்டுக் காப்பீட்டில் சிக்கனம் என்ற கேள்விக்கு உரிய திறவுகோல். அவசியத்தால் அனுமதிக்கப்பட்ட ஒன்று அவசியத்தின் எல்லையில் நின்றுவிட வேண்டும் என்றால், எந்த இழப்பைத் தாங்க முடியாதோ அதற்கு மட்டுமே காப்பீடு எடுக்கவேண்டும்; தாங்கக்கூடியதைத் தாமே தாங்கவேண்டும்; தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் அந்த ஒப்பந்தத்துக்குள் போகக்கூடாது. பிரீமியத்தைக் குறைக்க விரும்பும் கணக்கர் சொல்லக்கூடியதும் சொல்லுக்குச் சொல் இதுவே. மார்க்கப் பேணுதலும் பணப் பேணுதலும் இந்த ஓரிடத்தில் ஒரே அறிவுரையாகிவிடுகின்றன என்பதும், இவ்விரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்பதும் கவனத்துக்குரியன.

அந்த அறிவுரையின் முதல் பயன் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துப்பார்ப்பதில் விளைகிறது. நகரின் நெருக்கமான தெருவொன்றில் உள்ள வீடு 50 லட்சம் ரூபாய்க்கு விலைபோகலாம். அதில் பெரும்பகுதி மனையின் விலை. தீ மனையை எரிப்பதில்லை, புயல் அதைக் கொண்டுபோவதுமில்லை. எடுத்துக்காட்டாக, உள்பரப்பு 800 சதுர அடி என்றும், மீண்டும் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றும் கொண்டால், காப்பீடு செய்யவேண்டிய தொகை 16 லட்சம் மட்டுமே. 50 லட்சத்துக்கு எடுப்பவர் எக்காலத்திலும் கைக்கு வராத 34 லட்சத்துக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிப்பால் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றுவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொது வடிவப் பாலிசி, கட்டடத் தொகையை உள்பரப்பு, கட்டுமானச் செலவு ஆகிய இரண்டையும் பெருக்கியே கணக்கிடுகிறது. தீ, மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் முதலியவை அதன் அடிப்படைக் காப்பிலேயே அடங்கும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாகவே மேற்கே சென்றது என்பதை எண்ணினால், கடலிலிருந்து தொலைவில் இருப்பதே போதிய காப்பு என்று கருதும் உள்நாட்டு மக்களும் இந்தப் பட்டியலைக் கவனிக்க வேண்டியவர்களே.

அந்தப் பாலிசியின் இன்னும் சில கூறுகள் அளவறிந்து எடுப்பவருக்குத் துணைநிற்கின்றன. கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் என்ற உச்ச வரம்புக்குள், வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு தானாகவே சேர்ந்துவிடுகிறது. மேலே காட்டிய வீட்டுக்கு அது 3,20,000 ரூபாய். கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி, துணிமணி ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களில் இதுவே போதுமாக இருக்க, பொருள்களுக்கென்று தனித்தொகை எழுதிக்கொடுத்துக் கூடுதல் பிரீமியம் கட்டுவது தேவையற்றது. பாலிசியைப் பத்தாண்டுகள் வரை நீண்டகாலத்துக்கு எடுக்கலாம். அவ்வாறு எடுக்கும்போது கட்டடத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக உயர்வதால், நாளைய சிமெண்ட் விலையை எண்ணி இன்றே தொகையை மிகைப்படுத்தத் தேவையில்லை. முன்பெல்லாம் உண்மை மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், நேர்ந்த இழப்பிலும் பாதியே கிடைக்கும் என்ற விகிதாசாரக் குறைப்பு இருந்தது. இந்தப் பாலிசி அதை விலக்கிவிட்டது. ஆயினும் எழுதிய தொகைக்கு மேல் எதுவும் கிடைக்காது என்பதால், பிரீமியத்தைக் குறைக்கவென்று கட்டடத் தொகையைக் குறைத்து எழுதுவது முழு அழிவின்போது கைவிட்டுவிடும். அவசியத்தின் அளவு என்பது மேல் எல்லையாக மட்டும் அமையவில்லை. அதற்குக் கீழே போனால் அனுமதியின் நோக்கமே நிறைவேறாது.

வாடகை வீட்டிலோ வக்பு மனையிலோ குடியிருப்பவரின் நிலை வேறு. ‘வக்பு’ என்பது இறைவனுக்கென்று அர்ப்பணிக்கப்பட்டு, விற்கவோ வாரிசுக்குக் கொடுக்கவோ இயலாதபடி நிலைநிறுத்தப்பட்ட சொத்து. கட்டடம் எரிந்தால் நட்டம் அதன் உரிமையாளருக்கோ வக்பு நிர்வாகத்துக்கோ உரியதாகையால், குடியிருப்பவர் தம் பொருள்களுக்கு மட்டும் காப்பு எடுத்தால் போதும். சமையல் எரிவாயுவைப் பொறுத்தவரை, பலரும் அறியாத ஒரு காப்பு ஏற்கெனவே இருக்கிறது: எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின்கீழ், பதிவுசெய்த முகவரியில் சிலிண்டர் விபத்தால் உடைமை சேதமடைந்தால், ஒரு நிகழ்வுக்கு 2 லட்சம் ரூபாய் வரை ஈடு உண்டு, வீட்டுக்காரர் இதற்கெனத் தனியே எதுவும் கட்டுவதில்லை. இணைப்பு இறந்துபோன பாட்டனாரின் பெயரிலும் பழைய முகவரியிலும் கிடப்பது ஈடு கோரும்போது தடையாகும் என்பதால், பெயர்மாற்றம் செய்துவைப்பது செலவில்லாத காப்பைக் காத்துக்கொள்வதாகும்.

சிறு இழப்புகளைத் தாமே ஏற்றுக்கொள்வது அடுத்த கூறு. ஒவ்வொரு இழப்பிலும் முதல் ஐயாயிரத்தையோ பத்தாயிரத்தையோ தாமே ஏற்பதாக ஒப்புக்கொள்பவருக்குப் பிரீமியத்தைக் குறைத்துத் தரும் திட்டங்கள் காப்பீட்டுத் துறையில் உண்டு. கண்ணாடி உடைவது, குழாய் கசிவது போன்றவற்றுக்கான கூடுதல் காப்புகளை மறுத்துவிடுவதும் அதே விளைவைத் தரும். அவசியம் என்ற சொல்லுக்குள் உடைந்த சன்னல் அடங்காது என்பது சட்டவியல் நோக்கு. அந்தச் செலவுக்கு வீட்டில் சேமித்துவைத்த தொகையே போதும் என்பது கணக்கு நோக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளின் மீதான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டபோதும் வீட்டுக் காப்பீட்டுக்கு அது 18 சதவீதமாகத் தொடர்வதால், வேண்டாத ஒவ்வொரு கூடுதல் காப்பின் மீதும் வரியும் சேர்ந்துகொள்கிறது.

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்களின் நிலையில் மார்க்க நோக்கும் கணக்கு நோக்கும் இன்னும் நெருங்கிவருகின்றன. கடன் வாங்கும் நாளில், வீட்டுக் காப்பீட்டையும், கடனாளி இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் சார்ந்த காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டி, பல ஆண்டுகளுக்கான பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கையெழுத்திடுபவர் பெரும்பாலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதில்லை. வீடு எரிந்தால் ஆயுள் சார்ந்த காப்பீடு உதவாது. வீட்டுக் காப்பீடோ குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திடமே வாங்கவேண்டிய கட்டாயமுள்ளது அல்ல, வெளியே விசாரித்து ஒப்பிட்டு எடுக்கத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரீமியம் கடனில் சேர்ந்துவிட்டால் அதன் மீது இருபது ஆண்டுகள் வட்டி ஏறுகிறது. வட்டியோடு கூடிய கடனையே மனவருத்தத்தோடு ஏற்றிருக்கும் ஒருவர், கையிருப்பிலிருந்து கட்டக்கூடிய பிரீமியத்தையும் அந்த வட்டிக்குள் தள்ளுவதற்கு எந்த அவசியத்தையும் காரணம் காட்ட முடியாது. அதைத் தனியே ரொக்கமாகக் கட்டிவிடுவது செலவையும் குறைக்கும், ஐயத்தையும் குறைக்கும்.

இதுவரை சொன்னவை நேர்மையான சிக்கனத்தின் வழிகள். இவற்றுக்குப் பக்கத்திலேயே மற்றொரு வழி திறந்துகிடக்கிறது. பிரீமியத்தைக் குறைப்பதற்காக உண்மையை மறைப்பதே அது. வணிகமும் குடியிருப்பும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் பகுதிகளில் முன்னறை கடையாகவோ, பின்கட்டு தோல் பொருள்களும் பசையும் அடுக்கிய கிடங்காகவோ, மாடி தைக்கும் கூடமாகவோ இருக்க, விண்ணப்பத்தில் முழுவதும் குடியிருப்பு என்று எழுதுவது அதன் வழக்கமான வடிவம். காப்பீட்டுச் சட்டம் இரு தரப்பும் தாம் அறிந்தது அனைத்தையும் வெளிப்படுத்தவேண்டிய உச்ச நன்னம்பிக்கையின் மேல் நிற்பதால், மறைத்தது தெரியவந்தால் ஈடே மறுக்கப்படலாம். தொழில் நடக்கும் பகுதிக்கென்று, 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு நிறுவனங்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற தனிப் பாலிசியும் இருக்கிறது. எனினும் ஈடு மறுக்கப்படும் என்ற அச்சத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனமே ஐயத்துக்குரியது, அதனிடம் உண்மை பேசவேண்டிய கடமை இல்லை என்று சிலர் தமக்குத்தாமே சமாதானம் செய்துகொள்கின்றனர். அந்த வாதம் நிற்காது. ஈடு வழங்கப்படும் பணம் மற்ற வீட்டுக்காரர்கள் கட்டிய பிரீமியம். ஆபத்து மிகுந்த வீட்டைக் குறைந்த ஆபத்துள்ளதாகக் காட்டுபவர், தாம் கட்டாத பங்கைத் தம் தெருவிலேயே வாழக்கூடிய மற்றவர்கள் மீது சுமத்துகிறார். விற்கும் பொருளின் குறையை மறைப்பதைத் ‘தத்லீஸ்’ என்று பெயரிட்டுக் கண்டித்த சட்டவியல், வாங்குபவர் யார் என்று பார்த்து அதைக் கண்டிக்கவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கமும் அதில் விலக்கு வைக்கவில்லை. அவசியம் அனுமதித்தது ஒப்பந்தத்தில் நுழைவதை மட்டுமே, பொய்யை அது ஒருபோதும் அனுமதிக்கவில்லை.

இறைவனைச் சார்ந்திருப்பவருக்குக் காப்பீடு எதற்கு என்ற கேள்வி இங்கே எழலாம். ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பிவிடட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படியும் பிறகு நம்பும்படியும் நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தியே இதற்குப் போதிய விடை. முன்னெச்சரிக்கை நம்பிக்கைக்கு முரணல்ல என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு எந்த வகையான முன்னெச்சரிக்கை என்பதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் அமிஷ் கிறிஸ்தவர்களும் வணிகக் காப்பீட்டைத் தவிர்க்கிறார்கள். ஆனால் ஒரு வீடு எரிந்தால் சபையினரிடம் அவரவர் உடைமைக்கேற்பப் பணம் திரட்டி மீண்டும் கட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டை அவர்கள் ஒழுங்காக நடத்துகிறார்கள். காப்பீட்டை மறுக்கும் உரிமை அந்தப் பொறுப்பையும் சேர்த்தே சுமக்கிறது.

இஸ்லாமிய மரபிலும் அப்பொறுப்பு புதியதன்று. உணவு குறையும்போது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபிகள் பாராட்டியதாகப் புகாரியின் தொகுப்பு சொல்கிறது. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய நட்ட ஈட்டைக் குலத்தார் அனைவரும் பகிர்ந்து செலுத்தும் ‘ஆகிலா’ முறையைத்தான் தகாபுல் சிந்தனையாளர்கள் முன்மாதிரியாகக் காட்டுகின்றனர். இதில் ஒரு தத்துவச் சிக்கல் இருப்பதை மறைக்க முடியாது. திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு கொடுப்பது நன்கொடையாகுமா? மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துக் கல்யாண வீடுகளில் நோட்டில் எழுதப்படும் மொய், கொடுக்கும்போது அன்பளிப்பாகவும் நினைவில் வைக்கும்போது கடனாகவும் இருப்பது போல, தகாபுலின் நன்கொடையும் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது என்பது விமர்சகர்களின் கருத்து. பாகிஸ்தானின் முப்தி தகீ உஸ்மானி இதற்கு விடையாக வக்பு வடிவத்தை முன்வைத்தார்: உறுப்பினர்கள் செலுத்தும் தொகை ஒரு வக்பு நிதியின் உடைமையாகிவிடுகிறது; பிறகு அந்த நிதி தன் விதிகளின்படி இழப்புற்றோருக்கு வழங்குகிறது; எனவே கொடுத்தவர் தம் பணத்துக்கு ஈடாக எதையும் பெறுவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளையும் நெடிய வக்பு மரபையும் கொண்ட தமிழக நகரங்களுக்கு இந்த வடிவம் அன்னியமாகத் தோன்ற வேண்டியதில்லை. முழுமையான காப்பீட்டு நிறுவனமாக வளரச் சட்டம் இடம்தராவிட்டாலும், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை களஞ்சியம் மகளிர் குழுக்களிடையே பரஸ்பரக் காப்பை நடத்திவருவது, எளிய மக்களும் தங்களுக்குள் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அண்டையிலேயே உள்ள சான்றாகும்.

வீடு எரிந்தவரைப் பற்றிச் சட்டவியல் வேறோர் இடத்திலும் பேசியிருக்கிறது. காப்பீட்டு விவாதங்களில் அது போதிய கவனத்தைப் பெறவில்லை. ஜகாத் எனப்படும் கடமையான தானத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. அவர்களில் ஒருவர் ‘காரிம்’, அதாவது கடனில் மூழ்கியவர். நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறை விரிவுரையாளரான முஜாஹித், இந்தச் சொல்லை விளக்கும்போது, வீடு எரிந்துபோனவரையும், வெள்ளம் உடைமையைக் கொண்டுபோனவரையும், குடும்பத்துக்காகக் கடன்பட்டவரையும் எடுத்துக்காட்டினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் காப்பு ஜகாத்தின் செலவினங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது என்பது இதன் பொருள். பள்ளிவாசல் ஜமாஅத்துகள் ரமலானில் திரட்டும் பைத்துல்மால் நிதி, அதாவது சமூகப் பொதுநிதி, கல்வி உதவிக்கும் மருத்துவத்துக்கும் விதவையர் ஆதரவுக்கும் செலவிடப்படுவது போலவே, வீடிழந்தோருக்கென்றும் ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. ஹனபி மரபில் ஜகாத் பெறுபவரின் கையில் உடைமையாகச் சேரவேண்டும் என்ற ‘தம்லீக்’ விதி இருப்பதால், ஏழைகளின் வீடுகளுக்கு மொத்தமாகப் பாலிசி எடுத்து ஜகாத் பணத்தை நிறுவனத்துக்கு நேரே கட்டிவிட முடியாது. அத்தகைய ஏற்பாட்டுக்குச் சதகா என்னும் விருப்பக் கொடையையோ வக்பு வருமானத்தையோதான் பயன்படுத்த வேண்டும். வசதியுள்ளவர் தம் வீட்டுக்கு அளவறிந்து காப்பீடு எடுத்துக்கொள்வது, அந்தப் பொதுநிதியை ஓட்டு வீட்டிலும் ஒற்றை அறையிலும் இருப்பவர்களுக்கு விட்டுவைப்பதாகவும் அமைகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால் காப்பீட்டின் அவசியம் தனிநலத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை.

எஞ்சியிருப்பது ஈட்டுத்தொகையைப் பற்றிய கேள்வி. சில ஆயிரங்களைப் பிரீமியமாகக் கட்டியவருக்கு வீடு எரிந்தபின் 16 லட்சம் கிடைத்தால், அவ்வளவும் அவருக்கு உரியதா? அவசியத்தின் பேரில் காப்பீட்டை அனுமதித்தோரில் ஒரு சாரார் இழப்பின் அளவு முழுவதையும் பெறலாம் என்கின்றனர். கடுமையான நிலைப்பாடு உடையோர், கட்டிய பிரீமியத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நன்மையை எதிர்பாராமல் வறியவர்களுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்கின்றனர். இந்த இரண்டாவது கருத்து முதற்பார்வையில் வீடிழந்தவரை மேலும் வருத்துவதாகத் தோன்றும். ஆனால் ஹனபி சட்டத்தில் ஒருவர் வறியவரா வசதியுடையவரா என்பதைத் தீர்மானிக்கும் ‘நிஸாப்’ என்ற அளவு, ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் மதிப்பு; குடியிருக்கும் வீடும் அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களும் அதில் சேர்க்கப்படுவதில்லை, பட்ட கடனும் அதிலிருந்து கழிக்கப்படும். கடனோடு கட்டிய வீட்டைத் தீக்கு இழந்து, கையில் சேமிப்பில்லாமல் நிற்பவர் நேற்றுவரை எப்படி வாழ்ந்திருந்தாலும், அந்த அளவுகோலின்படி இன்று வறியவர்களுள் ஒருவரே. மிச்சத்தை வறியவருக்குக் கொடுக்கச் சொல்லும் அறிஞர்களும், பெற்றவர் தாமே வறியவராக இருந்தால் தம் தேவைக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கு வைத்திருப்பதால், கடுமையான கருத்தைப் பின்பற்றுபவரும் தம் கடனையும் நகையையும் சேமிப்பையும் நேர்மையாகக் கணக்கிட்டு, பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான ஹஸ்ரத்திடம் கேட்டுத் தெளிந்து, அந்தத் தொகையில் எவ்வளவு கொண்டு சுவரை எழுப்பலாம் என்பதை முடிவு செய்ய இடம் இருக்கிறது.